இரட்டைக் குழந்தைகளுக்குக் கட்டிலோரத் தொட்டில்: எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது

வயிற்றில் இருப்பது இரண்டு என்று ஸ்கேனில் தெரிந்ததுமே பலர் தேடத் தொடங்குவது தொட்டிலைத்தான், அதிலும் ஒரு பக்கச் சுவரை இறக்கிப் பெற்றோரின் கட்டிலோடு ஒட்டி வைக்கும் கட்டிலோரத் தொட்டிலை. விளம்பரப் படங்களில் எல்லாத் தொட்டிலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். ராத்திரி மூன்று மணி. ஒரு குழந்தை பால் குடித்து முடிப்பதற்குள் இன்னொன்று அழ ஆரம்பித்திருக்கிறது. உங்களுக்கோ கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அந்த நேரத்தில் விதிகள் எதுவும் நினைவுக்கு வராது, கைக்குச் சுலபமாக எது வருகிறதோ அதைத்தான் செய்வோம். ஆகவே பாதுகாப்பான வழியே சுலபமான வழியாகவும் இருக்கும்படி அறையை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்தில் எழுதியவை. ஏழாம் மாதத்துக்குள் இவற்றை முடித்துவிடுங்கள், இரட்டையர் நாள் பார்த்துப் பிறப்பதில்லை.

முதல் படி: அறை ஒன்று, படுக்கை இரண்டு

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுப்பித்த பரிந்துரை இப்படி: குழந்தை பெற்றோரின் அறையிலேயே, கட்டிலுக்கு அருகிலேயே, ஆனால் தனக்கென்று உள்ள படுக்கையில் தூங்க வேண்டும், குறைந்தது முதல் 6 மாதங்களுக்கு. காரணம் எளிது. சிட்ஸ் எனப்படும் திடீர்ச் சிசு மரணம் 1 முதல் 4 மாத வயதில்தான் உச்சத்தில் இருக்கிறது. அப்படி இறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் 6 மாதம் நிறையாதவை. இதோடு மூச்சுத்திணறல், இடுக்கில் சிக்குதல் போன்றவற்றையும் சேர்த்தால் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,500 குழந்தைகள் தூக்கத்தில் இறக்கின்றன.

இரட்டையருக்கு இது கூடுதல் கவலை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பல நாடுகளில் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். எடையும் குறைவாக இருக்கும். குறைமாதமும் குறைந்த எடையும் சிட்ஸ் ஆபத்தைக் கூட்டுபவை. பெரியவர்களின் மெத்தையில் கூடவே படுக்க வைப்பதும் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தானே வளர்ந்தோம்" என்று யாராவது சொல்லும்போது, அவர்கள் சொல்லும் குழந்தை பெரும்பாலும் நிறைமாதத்தில், நல்ல எடையோடு, தனியாகப் பிறந்த ஒன்று என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

இரண்டாம் படி: ஒரே தொட்டிலில் இருவரையும் போடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இதில் நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு, இரு தரப்பையும் தெரிந்துகொள்வது நல்லது.

பிரிட்டனில் சிசு மரணத் தடுப்புக்காக இயங்கும் அறக்கட்டளையான லல்லபி டிரஸ்ட், குழந்தைகள் சின்னதாக இருக்கும்வரை ஒரே பெரிய தொட்டிலில் படுக்க வைக்கலாம் என்கிறது. பக்கம் பக்கமாகப் படுக்க வைக்கலாம், அல்லது தொட்டிலின் இரு கோடியிலும் ஒவ்வொருவராகக் கால்கள் அந்தந்த ஓரத்தைத் தொடும்படி படுக்க வைக்கலாம். இருவருக்கும் நடுவில் சுருட்டிய துண்டு, தலையணை எதையும் வைக்கக் கூடாது. சிறிய கூடைத் தொட்டிலில் இருவரைச் சேர்த்துப் போடவே கூடாது. ஒருவர் உருளத் தொடங்கியதும் பிரித்துவிட வேண்டும்.

அமெரிக்கக் கழகமோ, சேர்த்துப் படுக்க வைப்பதால் நன்மை உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, எனவே தனித்தனிப் படுக்கையே மேல் என்கிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவரையும் ஒன்றாகப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோர் உண்டு. அங்கே ஒவ்வொரு மூச்சையும் கருவி கணக்கெடுக்கிறது, செவிலியர் விழித்திருக்கிறார். வீட்டில் அந்த இரண்டும் கிடையாது.

என் பரிந்துரை ஆரம்பத்திலிருந்தே தனித்தனிப் படுக்கைதான். ஒன்றாகப் படுக்க வைத்தால் பிரிக்க வேண்டிய நாளை நீங்கள் கணித்தாக வேண்டும், அந்த நாள் சொல்லிவிட்டு வராது. நேற்றுவரை அசையாத குழந்தை இன்று அதிகாலையில் புரண்டு, பக்கத்தில் இருப்பவரின் முகத்தில் முகத்தை அழுத்திக்கொள்ளலாம். இருவரில் ஒருவர் கனமாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்தால் இது இன்னும் மோசம்.

மூன்றாம் படி: அளவு நாடாவை எடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று அளவுகள் வேண்டும். உங்கள் மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கட்டிலின் இரு பக்கமும் சுவர்வரை எவ்வளவு இடம், கட்டிலுக்கு அடியில் காலியா அல்லது பெட்டி அமைப்பா. கடைசியைப் பலர் பார்ப்பதில்லை. பல கட்டிலோரத் தொட்டில்களின் அடிக்கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் தொட்டில் ஒட்டி நிற்கும். சாமான் வைக்க அடிவரை மூடிய கட்டிலாக இருந்தால் அந்தக் கால்கள் முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் இடைவெளி விழும். அத்தகைய கட்டிலுக்கு ஒட்டும் வகைத் தொட்டில் வேண்டாம். தனியாக நிற்கும் தொட்டிலை ஒரு கை தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு தொட்டிலை எங்கே வைப்பது என்பது. கட்டிலின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. இரண்டு பெரியவர்கள் அந்தக் கட்டிலில் படுத்து, இருவருமே எழுந்து வேலை செய்பவர்களாக இருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆளுக்கு ஒரு குழந்தை, யாரும் யாரையும் தாண்டிப் போக வேண்டாம். ஆனால் ராத்திரி வேலை முழுக்க அம்மாவின் தலையில்தான் என்றால் இந்த அமைப்பு உடைந்துவிடும். அந்தப் பக்கக் குழந்தையை எடுக்க அவர் தூங்கும் ஒருவரைத் தாண்ட வேண்டும், இல்லை கட்டிலைச் சுற்றிப் போக வேண்டும். சிசேரியன் தையலோடு இரண்டுமே கஷ்டம். நாலு நாளில் அந்தக் குழந்தை "இன்னிக்கு மட்டும்" என்று பெரிய மெத்தைக்கு வந்துவிடும்.

இரண்டையும் அம்மாவின் பக்கத்திலேயே நீளவாக்கில் வைத்தால்? ஒற்றைத் தொட்டில்கள் பெரும்பாலும் 80 முதல் 95 செ.மீ. நீளம் இருக்கும். கட்டிலின் நீளம் 190 முதல் 200 செ.மீ. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அந்தப் பக்கம் முழுக்க அடைபட்டு, அம்மா கட்டிலின் கால்மாட்டுக்குத் தவழ்ந்து போய்த்தான் இறங்க முடியும். ஒரு தடவை முழு வயிற்றோடு அப்படி இறங்கிப் பாருங்கள், வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. ஒரு தொட்டிலை அம்மாவின் தலைப்பக்கம் கட்டிலோடு ஒட்டி வையுங்கள். இன்னொன்று, சக்கரத்தைப் பூட்டி நிறுத்தக்கூடிய தனித் தொட்டிலாக இருக்கட்டும், முழங்கால் அருகே கால் வைத்து இறங்குமளவு இடம் விட்டு அதை நிறுத்துங்கள். எந்தக் குழந்தை எதில் என்பதை நிரந்தரமாக்க வேண்டாம். அன்று ராத்திரி யாருக்கு அடிக்கடி பால் தேவைப்படுகிறதோ அவர் ஒட்டிய தொட்டிலில்.

நடுவில் வலைத் தடுப்பு வைத்த இரட்டைத் தொட்டில்களும் கிடைக்கின்றன. வாங்குவதாக இருந்தால் தடுப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். அது கட்டிலுக்குக் குறுக்காக நின்றால் இரு குழந்தைகளும் உங்கள் கைக்கு எட்டும். கட்டிலுக்கு இணையாக ஓடினால் ஒருவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுவார், அவரைத் தூக்க எழுந்து குனிய வேண்டும். தடுப்பு விறைப்பாக, தொட்டிலோடு பொருத்தியதாக, தயாரித்தவரே கொடுத்ததாக இருக்க வேண்டும். ஒற்றைத் தொட்டிலை வாங்கி நடுவில் நீங்களாக எதையாவது கட்டிப் பிரிப்பது கூடவே கூடாது. எடை வரம்பையும் படியுங்கள், அது இருவருக்கும் சேர்த்தா, ஆளுக்கு இவ்வளவா? சேர்த்துத்தான் என்றால் நினைத்ததைவிடச் சீக்கிரம் தொட்டிலை ஓரங்கட்ட நேரும்.

பெரியவர்கள் தரையில் மெத்தை போட்டுப் படுக்கும் வீடாக இருந்தால் ஒட்டும் தொட்டிலின் உயரம் ஒத்துவராது. தனியாக நிற்கும் இரண்டு தொட்டில்கள் அல்லது அடி தட்டையான, மடக்கி வைக்கும் விளையாட்டுக் கூண்டு வகைப் படுக்கைகள் போதும்.

நான்காம் படி: வாங்கும்போது கையால் சோதிப்பது

மெத்தையில் உள்ளங்கையை அழுத்தி எடுங்கள். கை பதிந்த குழி அப்படியே நின்றால் அது வேண்டாம். குழந்தை முகம் திருப்பினால் மூக்கைச் சுற்றி மெத்தை மூடிக்கொள்ளும், தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். நம் கைக்குக் கல்லுபோலத் தோன்றும் மெத்தைதான் குழந்தைக்குச் சரியான மெத்தை. மெத்தைக்கும் தொட்டில் சுவருக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் அது பொருந்தாத மெத்தை. "மெத்து மெத்துன்னு இருக்கட்டும்" என்று மேலே இன்னொரு மெத்தை வாங்கிப் போடுவது, கூட வந்த நல்ல மெத்தையைக் கெடுப்பதற்குச் சமம்.

பரப்பு தட்டையாக இருக்க வேண்டும். கைபேசியிலுள்ள மட்டமானியை மெத்தைமேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். எதுக்களிக்கும் குழந்தைகளுக்கு என்று சொல்லித் தலைப்பக்கத்தை உயர்த்தும் வசதியைச் சில தொட்டில்களில் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்தாதீர்கள். சரிவில் படுத்த குழந்தையின் தலை முன்னால் சாய்ந்து, முகவாய் நெஞ்சில் இடித்து, மூச்சுக்குழல் மடங்கலாம். அழுகைகூட வராது. அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் சாய்வுப் படுக்கைகளைத் திரும்பப் பெற்றது இதனால்தான். 2022இல் வந்த சட்டம், 10 பாகைக்கு மேல் சரிந்த குழந்தைப் படுக்கைகளையும் தொட்டில் ஓரத்தில் கட்டும் பஞ்சு மெத்தைகளையும் விற்கவே தடை போட்டது. ஊஞ்சல், கார் சீட், துள்ளும் நாற்காலி எல்லாவற்றிலும் தூங்கினால் இதே சரிவு ஆபத்துதான். அதில் தூங்கிப்போனால் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

மரக்கம்பித் தொட்டிலாக இருந்தால் கம்பிகளுக்கிடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. துணி வலையாக இருந்தால் கிழிசல், தளர்வு பாருங்கள். கட்டிலோடு ஒட்டும் வகையில் உங்கள் பக்கத்துச் சுவர் முழுதாக இறங்கித் தரைமட்டமாகிவிடக் கூடாது. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1130, 2019 பதிப்பில், இறக்கிய நிலையிலும் அந்தப் பக்கம் மெத்தைக்கு மேல் 12 செ.மீ. தடுப்பு நிற்க வேண்டும் என்றது. அதற்கு முன் செய்தவற்றில் இது இல்லாமல் இருக்கலாம்.

இரவல் தொட்டில், பழைய தொட்டில் எல்லாம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வேண்டுமே. ஆனால் இரண்டும் வெவ்வேறு மாடலாக இருந்தால் ஒன்றின் மெத்தையையும் வாரையும் மற்றொன்றில் மாட்டிவிடும் ஆபத்து உண்டு. ஒரு தொட்டிலின் பாகங்களுக்கு ஒரு நிற நாடா, மற்றொன்றின் பாகங்களுக்கு வேறு நிற நாடா என்று ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். திருகு, வார், பூட்டு எதுவும் குறையக் கூடாது. மாடல் எண்ணைப் போட்டு, திரும்பப் பெறப்பட்ட பொருளா என்று தேடிப் பாருங்கள். பக்கச்சுவர் சரிந்து இறங்கும் பழைய மரத்தொட்டில் யார் ஆசையாகக் கொடுத்தாலும் வேண்டாம், அமெரிக்காவில் 2011லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள்.

ஐந்தாம் படி: கட்டிலோடு பிணைப்பது

ஒட்டும் தொட்டிலில் ஆபத்து இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: தொட்டிலுக்கும் உங்கள் மெத்தைக்கும் நடுவிலான கோடு. தொட்டிலை வாரால் கட்டிலின் சட்டத்தோடோ, மெத்தையின் மறுபக்கம்வரை சுற்றியோ இழுத்துக் கட்டச் சொல்லியிருப்பார்கள். கட்டிய பிறகு மெத்தையின் நடுவில் உட்கார்ந்து இரண்டு தடவை புரளுங்கள். பிறகு தொட்டிலின் வெளிப்பக்கத்தைக் கால் முட்டியால் தள்ளி இழுத்துப் பாருங்கள். விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் மறுபடி இறுக்குங்கள். இறக்கிய பக்கத்தின் மேல்விளிம்பும் உங்கள் மெத்தையின் மேல்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் மெத்தை உயர்ந்திருந்தால் போர்வையும் தலையணையும் சரிந்து தொட்டிலுக்குள் விழும்.

இடைவெளியைத் துண்டைச் சுருட்டி அடைப்பது எல்லோரும் செய்யும் வேலை. துண்டு ஒரே ராத்திரியில் அமுங்கிவிடும், பிறகு அந்த இடம் குழந்தையின் முகம் போய்ப் பதியும் மென்மையான பள்ளமாகிவிடும். அடைக்க வேண்டிய இடைவெளி இருந்தால் அந்தக் கட்டிலுக்கு அந்தத் தொட்டில் பொருந்தவில்லை என்றே அர்த்தம். அந்தப் பக்கத்தை ஏற்றிப் பூட்டிவிட்டுத் தனித் தொட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வார் தினமும் தளரும், கட்டிலில் ஏறி இறங்கும்போதே தளரும். இரண்டு தொட்டிலானால் இரண்டையும் பார்க்க வேண்டும். விளக்கணைக்கும் முன் கையை விட்டு ஒரு இழுப்பு. பல் தேய்ப்பதைப் போல அதையும் பழக்கமாக்கிவிடுங்கள். ஜன்னல் திரைக் கயிறு, சார்ஜர் வயர், கேமரா வயர் எதுவும் தொட்டிலிலிருந்து 90 செ.மீ.க்குள் தொங்கக் கூடாது.

ஆறாம் படி: உள்ளே என்ன?

இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பு. அவ்வளவுதான். தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்தில் கட்டும் பஞ்சு, தலை சப்பையாகாமலிருக்க விற்கும் வளையத் தலையணை, குழந்தையைச் சுற்றி அணைக்கும் கூடு மெத்தை எதுவும் வேண்டாம். இரட்டையர் வீட்டுக்குப் பரிசாக வருவதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். பகலில் புகைப்படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு, கைகள் வெளியே இருக்கும்படி அணியும் உறக்கப் பை நல்லது. அதன் அளவை வயதைப் பார்த்து எடுக்காதீர்கள், எடையைப் பாருங்கள். இங்கேதான் இரட்டையர் பெற்றோர் சறுக்குகிறார்கள். ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் பார்க்க அழகு. ஆனால் ஒருவர் 4 கிலோ, மற்றவர் 3 கிலோவுக்கும் குறைவு என்றால் சின்னவருக்குக் கழுத்துத் துளை பெரிதாகி, தலை உள்ளே நழுவிவிடலாம். நிறத்தையும் வேறாக வாங்குங்கள், இருட்டில் மாற்றிப் போட்டுவிட மாட்டீர்கள். உள்ளே கனம் வைத்துத் தைத்த பைகள் எந்தக் குழந்தைக்கும் ஆகாது.

துணியால் சுற்றிப் படுக்க வைப்பதென்றால் எப்போதும் மல்லாக்க. இருவரில் ஒருவர் உருள முயல்வது தெரிந்ததும் இருவருக்குமே நிறுத்திவிடுங்கள். அறைக்குள் தொப்பி வேண்டாம், குழந்தை தலைவழியாகவும் சூட்டை வெளியே விடுகிறது. கை, கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவெடுக்காமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு உடையைக் கழற்றுங்கள். இருவரையும் தனித்தனியே தொட்டுப் பார்க்க வேண்டும், ஒருவருக்குச் சரியாக இருப்பது மற்றவருக்கு அதிகமாக இருக்கும்.

ஏழாம் படி: மல்லாக்கப் படுக்க வைப்பது

ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகல் தூக்கத்துக்கும்கூட, மல்லாக்கத்தான். அமெரிக்கக் கழகம் 1992இல் முதலில் குப்புறப் படுக்க வைப்பதை நிறுத்தச் சொன்னது. 1994இல் தொடங்கிய "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" இயக்கத்துக்குப் பிறகான பத்தாண்டில் அங்கே சிட்ஸ் இறப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஒருக்களித்துப் படுப்பதும் பரவாயில்லை என்று ஆரம்பத்தில் சொன்னவர்கள், அப்படிப் படுத்த குழந்தை சுலபமாகக் குப்புறச் சரிந்துவிடுவதைப் பார்த்து அதையும் கைவிட்டார்கள்.

"மல்லாக்கப் போட்டா பால் எதுக்களிச்சு மூக்குல ஏறிடுமே?" இந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் உடலமைப்பு வேறு மாதிரி இருக்கிறது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. மேலேறி வரும் பால் தன் கனத்தால் கீழே இருக்கும் உணவுக்குழலுக்கே திரும்பிவிடும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகி, மூச்சுக்குழலின் வாய் கீழே வந்துவிடும். குழந்தைக்கு வேறு ஏதேனும் பிரச்சினை இருந்து உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

குறைமாதக் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நேரம் குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள், மூச்சுக்கு உதவும் என்பதற்காக. கர்ப்பக் கணக்கில் 32 வாரம் எட்டியதிலிருந்தே மல்லாக்கப் பழக்க வேண்டும் என்பதுதான் அங்குள்ளவர்களுக்கான பரிந்துரை. வீட்டுக்கு அனுப்பும் முன் "கடைசி சில நாளாக எப்படிப் படுக்க வைக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிலோரத் தொட்டிலுக்கே உரிய ஒரு சின்னச் சிக்கல்: குழந்தை எப்போதும் அம்மா இருக்கும் பக்கமே தலையைத் திருப்பி வைத்திருக்கும். வாரக்கணக்கில் அப்படியே போனால் தலை ஒரு பக்கம் தட்டையாகும். இரட்டையர் குறைமாதமாக இருந்தால் மண்டையோடு இன்னும் மென்மை. ஒரு நாள் தலைமாடாக இருந்ததை மறுநாள் கால்மாடாக்குங்கள். அல்லது இருவரின் தொட்டிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். பகலில் விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

எட்டாம் படி: இரவுப் பால்

ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது குலைவது இங்கேதான். தனி ஆளாக இருக்கும் இரவில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து, பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, திரும்பத் தொட்டிலில் போட்ட பிறகுதான் அடுத்தவர். அடுத்தவர் அதுவரை அழலாம். பாதுகாப்பான தொட்டிலில் அஞ்சு நிமிஷம் அழுத குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்த அழுகையைத் தாங்காமல் முதல் குழந்தையை மெத்தையிலேயே பக்கத்தில் கிடத்திவிட்டு இரண்டாமவரை எடுப்பதுதான் ஆபத்து. நீங்கள் இரண்டாமவரோடு கண்ணயர்ந்துவிட்டால் முதலாமவர் தலையணைக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவில் கிடப்பார்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் பால் கொடுக்கும் பெரிய தலையணை நேரத்தை மிச்சப்படுத்தும் சாதனம்தான். இன்னொரு பெரியவர் விழித்திருந்து, முடிந்ததும் ஒருவரை வாங்கிக்கொள்ளும் நேரங்களில் அதைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் தலையணையைக் கட்டிலை விட்டே அகற்றிவிடுங்கள். அதன் குழிவில் குழந்தை தூங்குவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், எடுக்கவே மனம் வராது. எடுங்கள்.

தூங்கிவிடுவோம் என்று தோன்றும் இரவுகளில் சோபாவிலோ கைவைத்த நாற்காலியிலோ உட்கார்ந்து பால் கொடுக்காதீர்கள், அங்கே குழந்தையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கட்டில் அதைவிடப் பரவாயில்லை. அதனால் பால் கொடுக்க உட்காரும் முன்பே தலையணை, கனத்த போர்வை எல்லாவற்றையும் கால்மாட்டுக்குத் தள்ளிவிட்டு, கைபேசியில் இருபது நிமிடத்துக்கு ஒரு அதிர்வு வைத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் முதல் வேலை குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றுவது. மது, தூக்க மாத்திரை, மயக்கம் தரும் சளி மருந்து எடுத்தவர்கள் அன்று இரவுப் பொறுப்பில் இருக்கக் கூடாது. புகைப்பவரின் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைக்கவே வேண்டாம்.

ஒருவர் அழுதால் மற்றவரும் எழுந்துவிடுவார் என்று பயந்து தனித்தனி அறையில் வைப்பவர்கள் உண்டு. முதல் மாதங்களில் இரட்டையர் ஒருவர் அழுகையில் மற்றவர் தூங்குவது ஆச்சரியப்படும் அளவுக்கு சகஜம். அதற்காக அறையைப் பிரிக்க வேண்டியதில்லை.

பாலூட்டல் சீரான பிறகு தூங்கவைக்கும்போது சூப்பான் கொடுத்தால் சிட்ஸ் ஆபத்து குறைகிறது. கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள். தூக்கத்தில் விழுந்தால் திரும்ப வைக்கவும் வேண்டாம். காலில் மாட்டும் மூச்சுக் கண்காணிப்புக் கருவிகள் சிட்ஸைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. அது கையில் இருக்கிறதே என்று மற்றதில் அலட்சியம் வந்தால் அதுவே நஷ்டம்.

உதவிக்கு வந்து இரவில் தங்குபவரிடம் இவற்றை வாயால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பேச்சில் இறங்கினால் அது யார் வளர்ப்பு சரி என்ற விவாதத்தில்தான் முடியும். "டாக்டர் சொன்னாங்க" என்று தொடங்கி நாலே வரி எழுதித் தொட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டுங்கள்: மல்லாக்க, தனித்தனியாக, உள்ளே எதுவும் இல்லாமல், தூங்கியதும் தொட்டிலுக்கு.

ஒன்பதாம் படி: கட்டிலோரத்திலிருந்து மாற்றுவது

கட்டிலோரத் தொட்டில்கள் பெரும்பாலும் 5, 6 மாதம்வரை அல்லது சுமார் 9 கிலோவரைதான். அதற்கு முன்பே குழந்தை உருண்டாலோ, கைகளை ஊன்றி முட்டி போட முயன்றாலோ அன்றோடு சரி. உங்கள் தொட்டிலின் கையேட்டில் என்ன வரம்பு போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இரட்டையரில் வேகமானவரின் கணக்கே இருவருக்கும். பெரியவரை மட்டும் மாற்றிவிட்டு, சின்னவர் இன்னும் உருளவில்லையே என்று அவரைப் பழைய தொட்டிலிலேயே விட்டுவைக்கத் தோன்றும். குறைமாதக் குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்கித் தெரிந்தாலும் எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணினால் சரியாகத்தான் இருப்பார்கள், ஒரு வாரத்திலேயே எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. அடுத்து வரும் பெரிய கம்பித் தொட்டில்கள் இரண்டையும் நான்காம் மாதத்துக்குள் பூட்டித் தயாராக வைத்திருந்தால், முதலாமவர் உருண்ட அன்றிரவே இருவரையும் மாற்றிவிடலாம். அறை மட்டும் 6 மாதம்வரை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

மாற்றிய பிறகும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை பிறகு குப்புறத் திரும்பிக்கொண்டால் அப்படியே விடலாம். இரவெல்லாம் காவலிருந்து திருப்பிப் போட வேண்டியதில்லை. குழந்தை தானாக உட்காரத் தொடங்குவதற்கு முன்பே மெத்தைத் தளத்தைக் கீழ்ப்படிக்கு இறக்குங்கள். இரண்டு தொட்டில்களையும் ஒட்டிப் போடாமல், கை எட்டாத தூரம் விட்டுப் போடுங்கள். எழுந்து நிற்கும் வயது வந்ததும் இருவரும் கம்பி வழியாகப் பண்டமாற்று நடத்துவார்கள்: உறக்கப் பையின் நுனி, விரிப்பின் மூலை, சில சமயம் எதிராளியின் முடி.